கல்லீரல் வழியாக ஊசி செலுத்திப் பித்தநாளப் படம் எடுப்பது (பி.டி.சி.): ஆபத்துகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சள் காமாலை குறையவில்லை. ஸ்கேனில் கல்லீரலுக்குள் பித்தநாளங்கள் வீங்கித் தெரிகின்றன. அடைப்பு எங்கே என்று பார்க்க பி.டி.சி. செய்யலாம் என்கிறார் மருத்துவர். கையெழுத்துக்காக நீட்டப்படும் படிவத்தில் ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, பித்தக்கசிவு, உயிரிழப்பு என்று வரிசையாக இருக்கிறது. கல்லீரலுக்குள் ஊசியா என்று வீட்டில் எல்லோருக்கும் கலக்கம்.

நோயாளிகளும் உடன் வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். பெரும்பாலானவர்கள் ஊசியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். தேங்கிக் கிடக்கும் பித்தத்தில் கிருமி இருக்கிறதா, ரத்தம் சரியாக உறைகிறதா, படம் எடுத்த கையோடு பித்தத்தை வடிக்க டியூபும் வைக்கப் போகிறார்களா என்ற மூன்றில்தான் ஆபத்தின் பெரும்பகுதி இருக்கிறது.

பி.டி.சி.யில் என்னதான் செய்கிறார்கள்?

எக்ஸ்ரே மேஜையில் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையிலோ, நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குக் கீழேயோ தோலைச் சுத்தம் செய்து மரப்பு ஊசி போடுவார்கள். பிறகு நீளமான, மிக மெல்லிய ஊசி ஒன்றைக் கல்லீரலுக்குள் செலுத்துவார்கள். அல்ட்ராசவுண்டில் நாளத்தைப் பார்த்தபடியே குத்துவது உண்டு. இல்லாவிட்டால் ஊசியை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே சொட்டுச் சொட்டாகச் சாய மருந்தை விட்டுப் பார்ப்பார்கள்.

ஊசி முனை எங்கே இருக்கிறது என்பதைத் திரையில் சாயம் ஓடும் விதமே சொல்லிவிடும். ரத்தக்குழாய்க்குள் போயிருந்தால் சாயம் கண் இமைப்பதற்குள் அடித்துக்கொண்டு போய்விடும். பித்தநாளத்துக்குள் போயிருந்தால் அப்படி ஓடாது. மெல்ல ஊர்ந்து, கிளைகிளையாக நிரம்பி, அங்கேயே நிற்கும். அது தெரிந்த பிறகுதான் படம் எடுக்கத் தொடங்குவார்கள். அடைப்பு எந்த இடத்தில், எவ்வளவு நீளம், கல்லா, கட்டியா, தழும்பால் வந்த சுருக்கமா என்பது பெரும்பாலும் அந்தப் படத்திலேயே புரிந்துவிடும்.

ஊசி எவ்வளவு பெரியது? எத்தனை முறை குத்துவார்கள்?

வழக்கமாகப் பயன்படுவது 21 அல்லது 22 கேஜ் ஊசி. 22 கேஜ் என்றால் வெளிச்சுற்று விட்டம் சுமார் 0.7 மில்லிமீட்டர், அதாவது கையில் ரத்தம் எடுக்கும் சாதாரண ஊசியின் பருமன்தான். நீளம் மட்டும் அதிகம்.

நாளங்கள் நன்றாக வீங்கியிருந்தால் ஒன்றிரண்டு முயற்சியிலேயே கிடைத்துவிடும். வீங்காத நாளங்களைத் தேடும்போது பல முறை திசை மாற்றிப் பார்க்க வேண்டி வரும். ஒவ்வொரு முறையும் ஊசியை முழுவதுமாக வெளியே எடுத்துத் திரும்பக் குத்துவார்கள் என்று நினைக்க வேண்டாம். கல்லீரலின் வெளியுறையைத் தாண்டாமல், உள்ளேயே பின்னுக்கு இழுத்துத் திசை திருப்புவதுதான் நல்ல முறை. உறையில் துளைகள் எவ்வளவு குறைவோ, கசிவும் அவ்வளவு குறைவு.

வீங்கிய நாளங்களில் நூற்றுக்கு 95 பேருக்காவது படம் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். வீங்காத நாளங்களில் அந்த எதிர்பார்ப்பு 65தான். ஸ்கேனில் நாளம் வீங்கவில்லை என்று எழுதியிருந்தால், முதல் முயற்சி பலிக்காமல் போகலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலிக்குமா?

தோலில் மரப்பு ஊசி போடும்போது சுரீர் என்று இருக்கும். கல்லீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. அதன் வெளியுறைக்குத் தெரியும். அதனால் ஊசி உறையைத் தாண்டும் நொடியில் ஓர் அழுத்தமான வலி வரலாம், சிலருக்கு அது வலது தோள்பட்டையில் போய் உணரப்படும். உதரவிதானத்தின் நரம்பும் தோளின் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்திலிருந்து வருவதுதான் காரணம். பெரும்பாலும் மயக்க நிலைக்குப் போகாத அளவு தூக்க மருந்தும் வலி மருந்தும் டிரிப்ஸில் கொடுத்துவிடுவார்கள். மூச்சை இழுத்துப் பிடி, விடு என்று சொன்னால் செய்யும் அளவுக்கு விழிப்பு இருக்கும்.

சரி, மொத்தத்தில் ஆபத்து எத்தனை சதவீதம்?

இதற்கு ஒரே எண்ணைச் சொல்பவரை நம்பாதீர்கள். படம் மட்டும் எடுப்பது ஒன்று, படம் எடுத்த கையோடு அதே வழியில் பித்தத்தை வடிக்க டியூப் வைப்பது வேறு. இரண்டாவதை பி.டி.பி.டி. என்பார்கள். பேச்சுவழக்கில் இரண்டையும் சேர்த்து 'பி.டி.சி. பண்ணினார்கள்' என்று சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இடையீட்டுக் கதிரியக்க மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் வெளியிட்ட தர வழிகாட்டுதலில், படம் மட்டும் எடுக்கும்போது ரத்தத்தில் பரவும் தொற்று, பித்தக்கசிவு, ரத்தக்கசிவு, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுதல் போன்ற பெரிய பிரச்சினைகள் எல்லாம் சேர்த்துச் சுமார் 2 சதவீதம். டியூப் வைக்கும்போது ரத்தத்தில் பரவும் தொற்று மட்டுமே 2.5 சதவீதம், ரத்தக்கசிவு இன்னொரு 2.5 சதவீதம், உயிரிழப்பு 1.7 சதவீதம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

இந்த உயிரிழப்பு எண்ணைப் படிக்கும்போது ஒரு நிதானம் வேண்டும். டியூப் வைக்கப்படுபவர்களில் பலர் ஏற்கெனவே முற்றிய புற்றுநோயோடு, அல்லது பித்தநாளத் தொற்று ரத்தத்தில் ஏறிய நிலையில் வருகிறவர்கள். ஊசியால் போன உயிர் எது, நோயால் போன உயிர் எது என்று பிரிப்பது சுலபமில்லை.

கிருமித்தொற்றுதான் பெரிய ஆபத்து என்கிறார்களே, எப்படி வருகிறது?

ஊசியில் உள்ள கிருமியால் என்று பலர் நினைக்கிறார்கள். ஊசி சுத்தமானதுதான். கிருமி பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது.

பித்தம் தடையில்லாமல் ஓடும்வரை அதில் கிருமி தங்குவது அரிது. நாளம் அடைபட்டால் தேங்குகிறது. குட்டையில் நின்ற தண்ணீர்போல அதில் கிருமிகள் பெருகுகின்றன, குறிப்பாகக் குடலில் சாதாரணமாக வாழும் ஈ. கோலை, கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ் போன்றவை. கல்லால் அடைபட்டவர்கள், ஏற்கெனவே பித்தநாளத்தில் ஸ்டென்ட் (நாளத்தைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்தவர்கள், குடலோடு பித்தநாளத்தை இணைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இதற்கான வாய்ப்பு கூடுதல். காய்ச்சல் இல்லை என்பதால் பித்தம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

இந்த நிலையில், ஏற்கெனவே அழுத்தம் ஏறியிருக்கும் நாளத்துக்குள் சாயத்தை வேகமாகச் செலுத்தினால், கிருமி கலந்த பித்தம் நாளத்தின் சுவரைத் தாண்டிப் பக்கத்து ரத்தக்குழாய்களுக்குள் ஏறிவிடுகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் உடம்பு தூக்கிப் போடும் குளிர் நடுக்கம், காய்ச்சல், ரத்த அழுத்தம் சரிவு என்று தொடங்கும். வேகமாக முற்றக்கூடியது இது. படுக்கையைச் சுற்றி எல்லோரும் போர்வை தேடிக்கொண்டிருக்க, முதலில் செய்ய வேண்டியது செவிலியரைக் கூப்பிடுவது.

தடுக்கும் வழி தெளிவானது. ஊசி போடும் முன்பே ஆன்டிபயாடிக் ஏற்றிவிட வேண்டும். நாளம் கிடைத்ததும் முதலில் கொஞ்சம் பித்தத்தை உறிஞ்சி வெளியே எடுத்து அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, பிறகு தேவையான அளவு மட்டும் சாயம் விட வேண்டும். எடுத்த பித்தத்தை, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினால், பின்னால் எந்த ஆன்டிபயாடிக் என்று தடுமாற வேண்டியதில்லை. கடுமையான தொற்றோடு வந்தவருக்கு அன்றைக்கு முழுப் படமும் எடுக்காமல், டியூப் வைத்துப் பித்தத்தை வடியவிட்டு, சில நாள் கழித்து டியூப் வழியாகவே சாயம் விட்டு நிதானமாகப் படம் எடுப்பார்கள். 'படத்தை முடிக்காமலே அனுப்பிவிட்டார்கள்' என்று குறைபட வேண்டாம், அதுதான் சரியான முடிவு.

அடைப்பைக் கண்டுபிடித்துவிட்டு வடிகால் வைக்காமல் விடுவதும் தொற்றுக்கு வழி. அதனால்தான் அடைப்பு உள்ளவர்களுக்குப் படமும் டியூபும் பெரும்பாலும் ஒரே அமர்வில் நடக்கின்றன.

ரத்தக்கசிவு எப்படி ஏற்படும்?

கல்லீரலுக்குள் பித்தநாளம் தனியாகப் போவதில்லை. ஒவ்வொரு கிளையோடும் ஒரு தமனிக் கிளையும், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் ஒரு கிளையும் ஒட்டிக்கொண்டே போகின்றன. நாளத்தைக் குறிவைக்கும் ஊசி பக்கத்துக் குழாயைத் தொடுவது சகஜம். மெல்லிய ஊசியால் ஏற்படும் துளை பொதுவாகத் தானே அடைத்துக்கொள்ளும். ரத்தம் உறையும் தன்மை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கேதான் மஞ்சள் காமாலை குறுக்கே வருகிறது. கொழுப்பில் கரையும் வைட்டமின்களைக் குடல் உறிஞ்சப் பித்தம் தேவை. பித்தம் குடலுக்கு வராதபோது வைட்டமின் கே குறைகிறது, ரத்தம் உறைவதற்கான புரதங்கள் சரியாக உருவாவதில்லை. நன்றாகச் சாப்பிட்டாலும் இந்தக் குறை வரும். எனவேதான் முன்கூட்டியே வைட்டமின் கே ஊசி போடுகிறார்கள். அடைப்பு மட்டுமே பிரச்சினை என்றால் ஊசி போட்ட பிறகு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) இறங்கிவிடும். இறங்காவிட்டால் கல்லீரலே பழுதுபட்டிருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள், பிளாஸ்மா ஏற்றுவது பற்றி யோசிப்பார்கள்.

பொதுவாக ஐ.என்.ஆர். 1.5 முதல் 1.8க்குள்ளும், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 50,000க்கு மேலும் இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். நாள்பட்ட கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த எல்லைகள் வேறு. உயிர் போகும் அளவுக்குத் தொற்று இருந்தால், எண்கள் சரியாகும்வரை காத்திருக்காமல் ரத்தப் பொருள்களை ஏற்றிக்கொண்டே செய்வதும் உண்டு.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. இதய ஸ்டென்ட் வைத்து அதிக நாள் ஆகாதவர் குளோபிடோக்ரெல்லைத் திடீரென நிறுத்தினால் வரும் ஆபத்து, இந்த ஊசியின் ஆபத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். வழக்கமாக வார்ஃபரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் 5 நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பிரினுக்கு இடைவெளி இன்னும் குறையலாம். புதிய வகை மாத்திரைகளுக்குச் சிறுநீரகம் வேலை செய்யும் அளவைப் பொறுத்து நாள் கணக்கு மாறும். இதய மருத்துவரும் பி.டி.சி. செய்பவரும் பேசி முடிவெடுக்கட்டும். மாத்திரை அட்டையையே கையில் கொண்டு போய்க் காட்டுங்கள், பெயரை நினைவிலிருந்து சொல்ல வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் ரத்தக்கசிவு வருமா?

வரலாம், இதைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. ஊசியோ டியூபோ தமனியின் சுவரை உரசிச் சிறு புடைப்பை உண்டாக்கியிருந்தால், அது சில நாள் கழித்தோ, சில வாரம் கழித்தோ பித்தநாளத்துக்குள் வெடித்து ரத்தம் கசியும். மேல்வயிற்று வலி, மீண்டும் கூடும் மஞ்சள், தார் போன்ற கறுப்பு மலம் அல்லது ரத்த வாந்தி ஆகியவை இதன் அடையாளங்கள். மூன்றும் சேர்ந்தே வர வேண்டும் என்றில்லை. கறுப்பு மலம் மட்டும் வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், சமீபத்தில் பி.டி.சி. செய்தது பற்றி அங்கே முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வயிற்றுப்புண் என்று நினைத்து வேறு பக்கம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாகப் போய், கசியும் இடத்தைச் சிறு உலோகச் சுருளால் அடைத்துவிடுகிறார்கள். வயிற்றைத் திறக்கும் அறுவை சிகிச்சை இப்போது அபூர்வமாகவே தேவைப்படுகிறது.

டியூபில் ரத்தம் கலந்து வந்தால்?

முதல் ஒன்றிரண்டு நாள் பித்தம் லேசாகச் சிவந்து வருவது வழக்கம். அதற்குப் பிறகும் தொடர்ந்தாலோ, கட்டி கட்டியாகவோ புது ரத்தமாகவோ வந்தாலோ கவனிக்க வேண்டும். டியூப் சற்றுப் பின்னால் நழுவி, அதன் பக்கவாட்டுத் துளைகளில் ஒன்று கல்லீரலுக்குள் ஒரு சிரையின் அருகே வந்து நிற்பது ஒரு சாதாரணக் காரணம். எக்ஸ்ரேயில் பார்த்து டியூபைச் சரியான இடத்துக்குத் தள்ளினாலோ, சற்றுப் பெரிய டியூபாக மாற்றினாலோ நின்றுவிடும். அதிலும் நிற்காவிட்டால் தமனியைச் சந்தேகிப்பார்கள்.

பித்தம் வயிற்றுக்குள் கசிந்தால் என்ன ஆகும்?

கொஞ்சம் கசிவது நடக்கக்கூடியதே, பல நேரம் தெரியாமலே போய்விடும். நாளத்தில் அழுத்தம் அதிகமாக இருந்து, வடிகால் இல்லாமல் ஊசியை எடுத்துவிட்டால் துளை வழியாகப் பித்தம் தொடர்ந்து கசியலாம். வயிறு முழுக்க வலி, தொட்டாலே வலி, வயிறு கல்போல இறுகுவது, காய்ச்சல் என்று போனால் வயிற்றறை அழற்சி. அழுத்தத்தைக் குறைக்க டியூப் வைப்பதும், தேங்கிய பித்தத்தை வடிப்பதும்தான் சிகிச்சை. அரிதாக அறுவை சிகிச்சை.

முன்பெல்லாம் பி.டி.சி. செய்தால் உடனே ஆபரேஷன் என்பார்களே?

அது பழைய ஊசிகளின் காலம். கல்லீரல் வழியாகப் பித்தநாளத்தைக் குத்திப் படம் எடுத்ததை 1937இல் ஹனோயில் ஹுவாரும் டோ சுவான் ஹோப்பும் எழுதினார்கள். 1950களில் மற்ற நாடுகளிலும் பரவியது. அன்றைய ஊசிகள் தடிமனானவை. பித்தமும் ரத்தமும் கசியும் என்ற பயத்தில், படம் எடுத்த சூட்டோடு அறுவை சிகிச்சைக்குக் கொண்டு போவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. ஜப்பானில் சிபா பல்கலைக்கழகத்தில் மெல்லிய, வளையும் ஊசி ஒன்று பயன்பாட்டுக்கு வந்தது. ஒக்குடாவின் குழு 1974இல் அதைப் பற்றி எழுதிய பிறகு நிலைமை மாறியது. இன்றும் அந்த ஊசிக்குச் 'சிபா ஊசி' என்றுதான் பெயர். உறவினர் யாராவது பழைய கதை சொல்லிப் பயமுறுத்தினால், அவர் சொல்வது எந்தக் காலத்து ஊசி என்று கேட்டுக்கொள்ளலாம்.

நுரையீரலில் படும் ஆபத்து உண்டா?

குறைவு, ஆனால் உண்டு. நுரையீரலைச் சுற்றியுள்ள உறை, பக்கவாட்டில் நாம் நினைப்பதைவிடக் கீழே, சுமார் பத்தாவது விலா எலும்புவரை இறங்குகிறது. வலப்பக்கம் உயரத்தில் குத்தினால் அந்த உறையைத் தாண்ட வாய்ப்பு இருக்கிறது. காற்றோ ரத்தமோ பித்தமோ அந்த இடைவெளியில் சேர்ந்தால் மூச்சு வாங்கும், மூச்சிழுக்கும்போது குத்தும். அதனால்தான் முடிந்தவரை கீழ் விலா இடைவெளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், மூச்சை எப்போது பிடிக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். நெஞ்செலும்புக்குக் கீழே இடப்பக்கக் கல்லீரலில் குத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

வயிற்றில் நீர் கோத்திருந்தால் செய்யலாமா?

முதலில் நீரை வடித்துவிட்டுச் செய்வார்கள். நீர் நிறைய இருக்கும்போது கல்லீரல் வயிற்றுச் சுவரிலிருந்து விலகி மிதக்கும், துளையின் மேல் அழுத்தம் விழாது, ரத்தம் வெளியே தெரியாமல் நீரிலேயே கலந்துவிடும். டியூப் வைத்தால் அதன் ஓரமாக நீர் கசிந்துகொண்டே இருக்கும்.

சாய மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகுமா? சிறுநீரகம் கெடுமா?

சாயத்தில் அயோடின் இருக்கிறது. அது ரத்தத்துக்குள் நேரடியாகப் போவதில்லை என்பதால் சி.டி. ஸ்கேனைவிடப் பிரச்சினை குறைவு. ஆனாலும் ஒரு பகுதி ரத்தத்தில் சேரத்தான் செய்யும். முன்பு எப்போதாவது சாய ஊசி போட்டபோது உடம்பில் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். கடல் உணவு ஒவ்வாமை இருந்தால் சாயம் ஆகாது என்பது பரவலான நம்பிக்கை, அதற்கு ஆதாரம் இல்லை. சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, நாள்பட்ட காமாலையும் நீர்ச்சத்துக் குறைவும் தொற்றுமே சாயத்தைவிட அதிகம் கெடுக்கின்றன.

கர்ப்பிணிக்குச் செய்யலாமா?

தவிர்க்கவே பார்ப்பார்கள். கதிர்வீச்சு இல்லாத அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.சி.பி. (எம்.ஆர்.ஐ. கருவியால் பித்தநாளப் படம் எடுப்பது) இரண்டும் இருக்கின்றன. உயிருக்கு ஆபத்தான தொற்று வந்து, வேறு வழியே இல்லை என்றால் அல்ட்ராசவுண்ட் உதவியோடு, எக்ஸ்ரே நேரத்தை மிகக் குறைத்துச் செய்வார்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

எம்.ஆர்.சி.பி. இருக்கும்போது ஊசி எதற்கு? வாய் வழியாக எண்டோஸ்கோப் செலுத்திச் செய்யும் ஈ.ஆர்.சி.பி. நல்லதில்லையா?

நியாயமான கேள்வி. வெறும் படத்துக்காக மட்டும் என்றால் எம்.ஆர்.சி.பி. போதும், ஊசி வேண்டாம் என்பதே இன்றைய நடைமுறை. 'படம் பார்க்க மட்டும் பி.டி.சி.' என்று யாராவது சொன்னால், எம்.ஆர்.சி.பி. ஏன் போதாது என்று தயங்காமல் கேளுங்கள். இதயக் கருவியால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதது போன்ற சரியான காரணங்களும் இருக்கலாம்.

அடைப்பை நீக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் ஈ.ஆர்.சி.பி.தான் முதல் தேர்வு. அதற்கும் அதன் ஆபத்து உண்டு: கணைய அழற்சி, நூற்றுக்குச் சில பேருக்கு வருகிறது. பி.டி.சி.யில் அது அரிது. இரைப்பையையோ குடலையோ மாற்றி இணைத்த அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, ஈ.ஆர்.சி.பி. முயன்று முடியாமல் போனாலோ, அடைப்பு கல்லீரலின் வாசலிலேயே இருந்தாலோ, பித்தப்பை ஆபரேஷனில் நாளம் காயப்பட்டிருந்தாலோ ஊசி வழிதான் கை கொடுக்கும். எண்டோஸ்கோப் முனையிலுள்ள அல்ட்ராசவுண்ட் மூலம் இரைப்பைக்குள்ளிருந்தே வடிகால் வைக்கும் முறையும் இப்போது இருக்கிறது, பழகிய கை இருக்கும் இடங்களில்.

ஊசி போன வழியில் புற்றுநோய் பரவுமா?

அரிதாகப் பரவியதுண்டு, அதிலும் டியூப் பல நாள் இருந்தவர்களில். நோய் முற்றியவர்களுக்கு இது பெரிய கவலை இல்லை. காமாலை இறங்கினால்தான் அடுத்த சிகிச்சையே தொடங்க முடியும். ஆனால் அறுவை சிகிச்சையால் முழுதாக அகற்றக்கூடிய கட்டி என்றால், ஊசி போடும் முன்பே அறுவை சிகிச்சை மருத்துவர் படங்களைப் பார்த்திருக்க வேண்டும். எந்தப் பக்கக் கல்லீரலில் டியூப் வைப்பது என்பதே அவர் எந்தப் பகுதியை வெட்டி எடுக்கப் போகிறார் என்பதைப் பொறுத்தது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்கலாம்?

நான் கேட்பதானால் இப்படிக் கேட்பேன்: படம் மட்டுமா, டியூபுமா? டியூப் என்றால் எவ்வளவு காலம் இருக்கும், அடுத்த கட்டம் என்ன? நாளம் வீங்கியிருக்கிறதா? ஐ.என்.ஆர்., பிளேட்லெட் எவ்வளவு? ஆன்டிபயாடிக் எப்போது போடுவார்கள்? ரத்தக்கசிவு வந்தால் தமனி வழியாக அடைக்கும் வசதி இங்கேயே இருக்கிறதா, வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டுமா? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது.

முடிந்த பிறகு வார்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்வார்கள். முதலில் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் கவனிக்க வேண்டியவை: குளிர் நடுக்கம், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சுத்திணறல், முகம் வெளிறி வியர்ப்பது, துணியில் ஈரம் பரவுவது. வலது தோளில் லேசான வலி மட்டும் என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் சொல்லிவிடுங்கள்.

டியூபோடு வீட்டுக்குப் போனால்?

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தம் சுரக்கிறது. அது முழுவதும் பையில் வடிந்தால் அதோடு நீரும் உப்பும் போய்விடும். வயதானவர்கள் இரண்டு மூன்று நாளிலேயே தளர்ந்துபோவார்கள், ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீர் குறையும். தினமும் எவ்வளவு வடிகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். அதற்கேற்ப நீராகாரம் கூட்ட வேண்டும், அளவு மிக அதிகமானால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

திடீரென வடிவது நின்றுவிட்டது, கூடவே காய்ச்சலோ நடுக்கமோ இருக்கிறது என்றால் டியூப் அடைத்துக்கொண்டது என்று பொருள். அதை ராத்திரியென்று பார்க்காமல் காட்ட வேண்டும். குழாயைச் சலைன் விட்டுக் கழுவச் சொல்லியிருந்தால், மெதுவாக உள்ளே செலுத்துங்கள், சிரிஞ்சால் பின்னுக்கு இழுக்காதீர்கள். டியூபின் முனை குடலுக்குள் இருந்தால், இழுக்கும்போது குடலின் அழுக்கு பித்தநாளத்துக்குள் வந்துவிடும். நீண்ட நாள் வைத்திருக்கும் டியூபை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வடிகிறதே, இருக்கட்டும் என்று தள்ளிப் போட்டவர்கள்தான் அடைப்போடும் காய்ச்சலோடும் திரும்பி வருகிறார்கள்.

டியூப் தானாக வெளியே வந்துவிட்டால்?

திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். துளையின் மேல் சுத்தமான துணி வைத்து ஒட்டிவிட்டு, வெளியே வந்த டியூபையும் எடுத்துக்கொண்டு அன்றே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், மருத்துவமனைக்குப் போங்கள். டியூப் வைத்துச் சில வாரம் ஆகியிருந்தால் பாதை உறுதியாகியிருக்கும், அதே துளை வழியாகப் புது டியூப் வைத்துவிடலாம். தாமதித்தால் பாதை மூடிக்கொள்ளும், புதிதாகக் குத்த வேண்டி வரும். பாதி வெளியே வந்து தொங்கினாலும் இதேதான், அது நழுவாமல் பிளாஸ்திரி போட்டு நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். போகும் வழியில் எதுவும் சாப்பிட வேண்டாம். தூக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது.